மலரின் வலிக்கு முன்அனுமதி

மலருக்கு வலி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்லில் இரண்டாவது தோசை வேகும்போது. வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுப் பிழிகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி, சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். யுகேந்திரன் அடுப்பை அணைத்தான். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டான். மைத்துனி சந்திரகலாவைப் போனில் கூப்பிட்டான். காப்புறுதி மெடிக்கல் கார்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தான்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு லோரி கம்பெனியில், எந்தக் கொள்கலன் எந்த லோரியில் ஏறுகிறது என்று சரிபார்ப்பது அவன் வேலை. ஓர் எண் தப்பினால் மலாக்காவுக்குப் போக வேண்டிய கோழித் தீவனம் ஈப்போவுக்குப் போய் நிற்கும். அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட கேள்விக்கு உள்ளதை உள்ளபடி பதில் எழுதுவது அவனுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அன்றைய துன்பமெல்லாம் அதனால் வந்ததுதான்.

கிள்ளான் தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் சுருக்கமாகப் பேசினார். பித்தப்பையில் கல். வீங்கிச் சீழ் கோக்கத் தொடங்கிவிட்டது. இன்று மாலைக்குள் எடுத்துவிட்டால் சின்ன ஆப்பரேஷன்.

"எடுக்கலேன்னா டாக்டர்?"

"எடுத்துடுவோம்," என்றார் அவர். யுகேந்திரன் அடுத்ததைக் கேட்பதற்குள் அவர் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார்.

அனுமதிக் கவுண்டரில் ரிஹானா என்ற பெண் கார்டை வாங்கி இயந்திரத்தில் இழுத்தாள். "ஜிஎல் கேட்டு அனுப்பிட்டேன் அண்ணே. அது வந்ததும் நாலு மணிக்கு ஆப்பரேஷன் தியேட்டர் புக் பண்ணிடலாம்." ஜிஎல் என்பது, 'இந்த நோயாளியின் செலவு எங்களுடையது, தைரியமாக வெட்டுங்கள்' என்று காப்புறுதி நிறுவனம் மருத்துவமனைக்கு எழுதும் உத்தரவாதக் கடிதம். அது வராமல் கத்தி உறையைவிட்டு வெளியே வராது.

"வரலேன்னா?"

ரிஹானா கணினியைத் திருப்பி, முன்பணமாகக் கட்ட வேண்டிய தொகையைக் காட்டினாள். யுகேந்திரன் ஒரு தரம் பார்த்தான். அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கும் போகலாம் அண்ணே, பார்ப்பாங்க. ஆனா மறுபடி முதல்லேருந்து டெஸ்ட், வரிசை எல்லாம் இருக்குல்ல. அக்காவ இப்ப அசைக்க வேணாம்னு டாக்டர் சொல்றாரு. ஜிஎல் வந்துடும் லா, கவலப்படாதீங்க."

பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. பாயோங் எமாஸ், அதாவது தங்கக் குடை, காப்புறுதி நிறுவனத்தின் செயலியில் வாடிக்கையாளருடன் பேசும் இயந்திரப் பெண்ணுக்குச் சயாங் என்று பெயர் வைத்திருந்தார்கள். சயாங் என்றால் மலாயில் அன்பே என்று பொருள்.

'வணக்கம் யுகேந்திரன்! நான் உங்கள் சயாங். மலரின் வலியை நாங்களும் உணர்கிறோம். ஆயினும் மலருக்கு வலி ஏற்படுவதில்லை என்று எங்கள் பதிவேட்டில் உள்ளது. ஆகவே உங்கள் விண்ணப்பம் ஆய்வில் வைக்கப்படுகிறது. இன்று இனிய நாளாக அமையட்டும்!'

மலர் தள்ளுகட்டிலில் சுருண்டு படுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "யாருங்க?"

"சயாங்."

"எந்தச் சயாங்?"

அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

இந்தக் கார்டு வீட்டுக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். போன வருஷம் யுகேந்திரன் முதலில் போனது அப்துல் கனியிடம். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். ஒரே கம்பெனிக்கு உழைக்கிற ஏஜென்ட் அல்ல அவர். பல கம்பெனிகளின் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் சுயேச்சைத் தரகர். "நான் எந்தக் கம்பெனிக்கும் ஆளு இல்ல தம்பி. அதனாலதான் எல்லாக் கம்பெனியும் எனக்குப் பெருநாளுக்குப் பலகாரம் அனுப்புது," என்று அவரே சொல்வார். அன்றைக்குத் தே தாரிக் டீ ஆறிப் போகும்வரை பேசினார். பூச்சோங்கில் யாருக்குக் கிட்னி போனது, சுபாங் ஜெயாவில் யாருக்கு எந்தக் கம்பெனி எந்தக் காரணத்தால் கையை விரித்தது, அவர்கள் இப்போது எங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்பதுவரை சொன்னார். யுகேந்திரன் கேட்ட ஒரே கேள்வி, "உங்களுக்கு என்னண்ணே கிடைக்கும்?" என்பது.

"கமிஷன். மறைக்க என்ன இருக்கு? ஃபாரத்துல இருக்கிற கேள்விய நான் படிச்சு, அவன் உண்மையில என்ன கேக்குறான்னு உங்களுக்குச் சொல்லுவேன். அதுக்குத்தான் காசு."

கேள்வியைப் படிக்க ஒருவருக்குக் காசா என்று யுகேந்திரனுக்குத் தோன்றியது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், மலாய் தெரியும், ஆங்கிலமும் தெரியும். அந்த வாரமே பாயோங் எமாஸின் விளம்பரத்தைப் பார்த்தான்: 'நேரடியாக வாங்குங்கள். இடையில் யாரும் இல்லை!' அது அவனுக்குப் பிடித்துப் போயிற்று. துறைமுகத்தில் தப்பெல்லாம் இடையில் இருக்கிற ஆட்களால்தான் வரும்.

ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செயலியில் கேள்விகளை நிரப்பினான். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று வந்தவன் ஓரிடத்தில் நின்றான்.

'தடுப்பூசி நீங்கலாக, காப்புறுதி பெறுபவரின் உடலில் வாழ்நாளில் எப்போதாவது கத்தி, கம்பி அல்லது வேறு உலோகம் செலுத்தப்பட்டதா?'

முந்தின வருஷத் தைப்பூசத்தில் மலர் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள். பிறந்த உடனே இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளுக்காக வைத்த வேண்டுதல். ஆற்றங்கரையில் நாக்கில் சின்ன வெள்ளி வேல் குத்திக்கொண்டாள். யுகேந்திரன் நேர்மையாக 'ஆம்' என்று அழுத்தினான். உடனே அந்த ஒரு கேள்வி வாயைத் திறந்து, உள்ளேயிருந்து பதினான்கு கேள்விகள் வெளியே வந்தன.

செலுத்தப்பட்ட பொருள்: வேல். இடம்: ஆற்றங்கரை. செய்தவர்: பக்கிரிசாமி. செயலி தானாகவே பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக்கொண்டது. அழிக்க அழிக்க மறுபடி வந்தது. நோக்கம்: வேண்டுதல். பலன்: கிடைத்தது. தையல்: இல்லை. இரத்தப்போக்கு: இல்லை. மயக்க மருந்து: இல்லை. பின்னர் தரப்பட்ட மருந்து: திருநீறு.

"மலரு, அன்னிக்கு வேல் குத்துறப்ப வலிச்சுச்சா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான்.

"இல்லியே. ஏன்?"

வலி: இல்லை.

திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. 'வாழ்த்துகள்! நீங்கள் இப்போது குடைக்குள்!'

அந்தக் குடைக்குள்தான் இப்போது மலர் சுருண்டு கிடந்தாள்.

சயாங்கிடம் அவன் எழுத்தில் கெஞ்சினான். வேல் வேறு, பித்தப்பை வேறு என்றான். அருள் வந்த உடம்புக்கு வலிக்காது என்றான். சயாங் ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயம் போட்டு, 'நேரடி மையத்துக்கு நேரில் வந்து வலி உறுதிமொழி அளிக்கவும்' என்று சொன்னது. மையம் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில். சந்திரகலாவை அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கொமுட்டர் ரயில் ஏறினான். ஷா ஆலம் தாண்டும்போது சந்திரகலாவிடமிருந்து செய்தி வந்தது: 'அத்தான் காச்சல் ஏறுது. டிரிப் போட்டிருக்காங்க.' பெட்டாலிங் ஜெயாவில் ரயில் காரணமில்லாமல் நின்றது. அவன் இருக்கையிலிருந்து எழுந்து கதவருகே போய் நின்றான், நின்றால் ரயில் போய்விடும் என்பது போல.

நேரடி மையம் கண்ணாடியால் ஆனது. உள்ளே குளிர், ஆர்க்கிட் பூ, மெல்லிய பியானோ. பன்னிரண்டு நாற்காலிகள், மூன்று திரைகள், ஒரு காவலாளி. வேறு யாரும் இல்லை. விளம்பரத்தில் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தார்கள்.

திரையில் வலி உறுதிமொழி வந்தது. இரண்டே கட்டங்கள்.

'அ. காப்புறுதி பெற்றவருக்கு வலி உண்டு. (குறிப்பு: இதைத் தேர்ந்தெடுத்தால், முன்பு அளித்த தகவல் பொய்யாகும், ஒப்பந்தம் ரத்தாகும்.)'

'ஆ. காப்புறுதி பெற்றவருக்கு வலி இல்லை. (குறிப்பு: இதைத் தேர்ந்தெடுத்தால், சிகிச்சைக்குத் தேவை எழவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.)'

யுகேந்திரனின் விரல் அந்தரத்தில் நின்றது. பின்னால் காவலாளி வந்து நின்றார். செந்தூல்காரர், தமிழர், தொப்பியில் குடைச் சின்னம்.

"இந்தப் பக்கத்துலதான் பாஸ் எல்லாரும் நிப்பாங்க," என்றார் ஆறுதலாக. "தண்ணி அந்தப் பக்கம். டாய்லெட் இந்தப் பக்கம். அழறவங்க பொதுவா அந்த மூலை நாற்காலியில உக்காருவாங்க."

"யாருகிட்டயாவது பேசணும்ணே. மனுஷங்ககிட்ட."

"மனுஷங்க இருக்காங்க. பதினெட்டாவது மாடியில. லிஃப்ட் அங்க நிக்காது." காவலாளி சுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, திரையின் அடிவிளிம்பில் எறும்பு வரிசை போல ஓடிய எழுத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். 'உயர்நிலைக் குழுவைக் காணொளியில் சந்திக்க.' "இத அமுக்குங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க லா."

அமுக்கினான். மூன்று மணிக்கு நேரம் கிடைத்தது. நிபந்தனை: நோயாளியும் திரையில் இருக்க வேண்டும்.

மணி ஒன்றரை. வெளியே வந்தவன் கால்கள், அவனைக் கேட்காமல், அருகிலேயே இருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் திரும்பின. அப்துல் கனி மாடியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யுகேந்திரன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"வேல் குத்துனதப் போயி ஃபாரத்துல எழுதுனீங்களா?"

"கேட்டிருந்தாங்கண்ணே. உலோகம்னு."

"தம்பி, எங்க வீட்டுப் பசங்க எல்லாத்துக்கும் சுன்னத்துப் பண்ணியிருக்கு. கத்திதான். அத நான் எந்த ஃபாரத்துலயாவது எழுதியிருக்கேனா? எழுதினா பாதி நாட்டுக்கு மெடிக்கல் கார்டு கிடைக்காது. அவன் கேக்குறது சிகிச்சைய. வைத்தியம். நீங்க நேர்த்திக்கடனச் சொல்லியிருக்கீங்க."

"இல்லைன்னு போட்டா அது பொய்யில்லியா?"

"வேல்னா என்னான்னு தெரியாதவன்கிட்ட வேலைப் பத்திச் சொன்னா, அவன் காதுல அது ஆப்பரேஷன்னுதான் விழும். அப்ப யாரு பொய்யி?" அவர் கார் சாவியை எடுத்தார். "வாங்க, கிள்ளானுக்கு நான் ஓட்டுறேன். ஆனா ஒன்னு. நீங்க என்கிட்ட வாங்கல. அவன் கணக்குல நான் மூனாம் மனுஷன். கேமராவுல என் மூஞ்சி தெரிஞ்சா லைன கட் பண்ணிடுவான்."

"அப்ப எதுக்குண்ணே வர்றீங்க?"

"சும்மா கூட உக்காரலாம்ல," என்றார் அப்துல் கனி. ஃபெடரல் ஹைவேயில் நெரிசலில் நிற்கும்போது, இதைவிட நல்ல திட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லத் தொடங்கி, யுகேந்திரனின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரேடியோவைப் போட்டார்.

மருத்துவமனையில் மலரின் உதடு வெளுத்திருந்தது. நாலு மணித் தியேட்டரை இன்னொரு நோயாளிக்குக் கேட்கிறார்கள் என்று ரிஹானா வந்து சொன்னாள். மூன்றரை வரை தன்னால் பிடித்து வைக்க முடியும் என்றாள். சந்திரகலா அக்காவின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்தாள். அப்துல் கனி கட்டிலுக்குப் பின்னால், திரைச்சீலையோடு திரைச்சீலையாக நின்றார்.

சரியாக மூன்று மணிக்கு இரண்டு முகங்கள் தோன்றின. ஒருவர் பரமேஸ்வரன், உடல் ஊடுருவல் பிரிவின் மூத்த துணைத் தலைவர். இன்னொருத்தி விஷ்ணுப்ரியா, குறிப்பு எடுக்கும் அதிகாரி. வாடிக்கையாளர் தமிழர் என்பதால் தமிழ் தெரிந்த குழுவையே அமைத்திருப்பதாகப் பரமேஸ்வரன் பெருமையோடு தொடங்கினார்.

"மிஸ்டர் யுகேந்திரன், முதல்ல ஒன்னு சொல்லிடறேன். எங்க கம்பெனி நம்பிக்கையில ஓடுற கம்பெனி. நீங்க வாங்கும்போது ஏதாவது சந்தேகப்பட்டோமா? இல்ல. அஞ்சு நிமிஷத்துல அப்ரூவல். சந்தேகப்படறத நாங்க கிளைம் வர்ற நாளுக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கோம். எங்க வாடிக்கையாளர்ல தொண்ணூத்தாறு பர்சன்ட் பேரு எங்க சர்வீஸ்ல முழுத் திருப்தின்னு சொல்றாங்க. அதுல ஒருத்தர்கூட இதுவரைக்கும் கிளைம் பண்ணினதில்ல. அந்த நல்ல பேரக் காப்பாத்துற பொறுப்பு எனக்கு இருக்கு."

"சார், வலிக்குது சார் அவளுக்கு. டாக்டர் இன்னிக்கே..."

"அதுக்குத்தான் வர்றேன். மேடம், ஒன்னுலேருந்து பத்துக்குள்ள உங்க வலி எத்தன?"

"பதினஞ்சு," என்றாள் மலர்.

பரமேஸ்வரன் வருத்தத்தோடு தலையசைத்தார். "பத்துக்கு மேல எங்க பிளான்ல கவர் இல்லியே மேடம்."

"அப்ப பத்து!"

"மாத்திச் சொல்றாங்க," என்றார் அவர். விஷ்ணுப்ரியா தட்டச்சு செய்தாள்.

"சரி. எங்க சிக்கல் இதுதான். நாக்குல உலோகம் போகும்போது வலியில்ல. வயித்துல ஒரு சின்னக் கல்லு, அதுக்கு வலி பதினஞ்சு. ஒரே உடம்பு எப்படி ரெண்டு மாதிரி பேசும்? சிகிச்சை செஞ்ச டாக்டர் பக்கிரிசாமிய இப்ப லைன்ல எடுக்கறோம்."

போன் மணி அடிப்பது கேட்டது. எடுத்தவர் குரலுக்குப் பின்னால் காற்றழுத்த இயந்திரம் ஒன்று தடதடத்தது.

"டாக்டர் பக்கிரிசாமியா?"

"டாக்டரா? பாஸ், இது டயர் கடை. பஞ்சரா?"

"மலர்ங்கிற நோயாளிக்கு நீங்க நாக்குல துளை போட்டீங்களா?"

"யாரு, நம்ம யுகேன் சம்சாரமா? ஆமா, போட்டேன். நல்லபடியா மேல ஏறிப் போச்சே அந்தப் புள்ள."

"இதுவரைக்கும் எத்தன பேருக்குச் செஞ்சிருக்கீங்க?"

"எண்ணக் கூடாதுங்க. எண்ணினா புண்ணியம் போயிடும்."

"யாருக்காவது சிக்கல் வந்திருக்கா?"

"வராது. விரதம் இருந்தியான்னு கேப்பேன். மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடும். இல்லேன்னா எவ்வளவு கெஞ்சினாலும் குத்த மாட்டேன், திருப்பி அனுப்பிடுவேன்."

முதல் தடவையாகப் பரமேஸ்வரனின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா விஷ்ணு? முன்அனுமதி, பரிசோதன, நிராகரிப்பு. நம்ம முறையேதான். இந்த மாதிரி டாக்டர் நம்ம பேனல்ல இல்லியே." பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆக, திறமையான நிபுணர். துளை உறுதி. வலியில்லாமையும் உறுதி. மேடத்துக்கு நரம்புல ஏதோ கோளாறு இருக்கணும், அத நீங்க மறச்சிருக்கணும். நரம்பு டாக்டர் ரிப்போர்ட் கொண்டாங்க. மூனு மாசம் டைம் தர்றோம்."

மூன்று மாதம் என்ற சொல் அறையில் விழுந்தது. யுகேந்திரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று இருபது. வாசலில் ரிஹானா நின்று கையால் 'முடிந்ததா' என்று கேட்டாள்.

மலர் முழங்கையை ஊன்றி எழுந்தாள். சந்திரகலா தடுத்தும் கேட்கவில்லை. கைப்பேசியைத் தங்கையிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நாக்கு மட்டும்தானா ஒங்களுக்கு? இந்தா, மூக்கு. ஆசாரி குத்தினது. இந்தா, காது. ரெண்டு காதும். ஆறு மாசக் கொழந்தையில எங்க மாமா மடியில வச்சுக் குத்தினாங்க. அந்த ஆசாரி செத்துப் போயிட்டாரு, போய்க் கேளுங்க!"

திரைச்சீலைக்குப் பின்னால் அப்துல் கனி நெற்றியில் அடித்துக்கொண்டது யுகேந்திரனுக்கு மட்டும் கேட்டது.

பரமேஸ்வரன் நாற்காலியில் நிமிர்ந்தார். குரல் ஏறக்குறைய இனித்தது. "விஷ்ணு, எழுதிக்குங்க. அறிவிக்கப்படாத துளை, மூனு. வாழ்நாளில் எப்போதாவதுன்னு தெளிவாக் கேட்டிருக்கோம். இதுக்கு ஆய்வே தேவையில்ல. ஒப்பந்தம் தொடக்கத்திலேருந்தே செல்லாது."

விஷ்ணுப்ரியாவின் விரல்கள் அசையவில்லை. அவை மெல்ல மேலே போய், தன் காதுத் தோட்டைத் தொட்டன. பிறகு மூக்குத்தியை.

"சார்," என்றாள். "என் ஸ்டாஃப் கார்டுக்கும் இதே ஃபாரம்தான் சார். நான் இல்லைன்னுதான் போட்டிருக்கேன்."

"அது வேற விஷ்ணு."

"எப்படி சார் வேற? மீட்டிங் மினிட்ஸ்ல போடணும்ல."

"விஷ்ணு, வாடிக்கையாளர் முன்னால..." பரமேஸ்வரன் அவளுடைய சாளரத்தைத் திரையில் தேடிக் கேமராவுக்கு மிக அருகே குனிந்தார். அவருடைய இடது காது மட்டும் திரை முழுக்க நிறைந்தது. மலர் வலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"சார்," என்றாள், மூச்சை விட்டு விட்டு. "ஒங்க காதுலயும் ஓட்ட இருக்கே. தூந்து போயி... புள்ளி மாதிரி. ஒங்க வீட்டுல... எந்த மாமா மடி சார்?"

காது சட்டென்று திரையைவிட்டு மறைந்தது.

மறுபடி திரைக்கு வந்தபோது பரமேஸ்வரன் தன் காது மடலை இரண்டு விரலால் மூடிக்கொண்டிருந்தார். "அது சடங்கு," என்றார். "ஒரு வயசுல. அம்மா சைடுல அப்படித்தான் செய்வாங்க. நான் கேக்கவா செஞ்சேன்?"

"உங்க ஃபாரத்துல என்ன சார் போட்டீங்க?" என்று விஷ்ணுப்ரியா கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. அவளுடைய முகம் மலருடைய முகத்தைப் போலவே வெளுத்திருந்தது. "எங்கம்மாவுக்கு என் கார்டுலதான் சார் டயாலிசிஸ் ஓடுது."

ஒலி அணைந்தது. இரண்டு வாய்களும் அசைவது மட்டும் தெரிந்தது. இரண்டுமே வேகமாக அசைந்தன. மலர் கைப்பேசியை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, 'முருகா' என்று சொல்லாமல், 'ஐயோ' என்று சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எதைச் சொன்னாலும் பதிவாகும் என்று பயந்துவிட்டாளோ என்று அவனுக்குத் தோன்றியது.

ஒலி திரும்பி வந்ததும் சந்திரகலா கைப்பேசியை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாள். பரமேஸ்வரன் இப்போது கோட்டு அணிந்திருந்தார்.

"கம்பெனி ஒரு தெளிவுக்கு வந்திருக்கு," என்றார். "சமூக வழக்கப்படி போடப்படும் துளை, துளை அல்ல. இது கம்பெனி ஆரம்பிச்ச நாளிலேருந்து நாங்க கடைப்பிடிச்சுவர்ற கொள்கை. இன்னிலேருந்து. மேடத்தோட நாக்கு, மூக்கு, காது எல்லாமே அதுல அடங்கும். மத்தவங்களோடதும் அடங்கும். ஜிஎல்ல நானே ரிலீஸ் பண்றேன்."

"வலி ரெக்கார்டு சார்?" என்றாள் விஷ்ணுப்ரியா. "வலி இல்லைன்னு இருக்கே, அத அழிக்கணும்ல?"

"அது மயக்க மருந்துப் பிரிவு. நம்ம டிபார்ட்மென்ட் இல்ல. அவங்க பாத்துக்குவாங்க." பரமேஸ்வரன் புன்னகைத்தார். "மிஸ்டர் யுகேந்திரன், இந்தச் சந்திப்புக்கு எத்தன நட்சத்திரம் தருவீங்கன்னு சயாங் கேக்கும். மறந்துடாதீங்க."

மூன்று இருபத்தெட்டுக்கு ரிஹானா ஓடி வந்தாள். "வந்துருச்சு அண்ணே! தியேட்டர் கன்ஃபார்ம்!" சந்திரகலா அழுதாள். அப்துல் கனி திரைச்சீலையிலிருந்து வெளியே வந்து, இரண்டு பக்கக் கடிதத்தைக் கையில் வாங்கி, தொழில் பழக்கத்தில் நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போனார். ஒரு தடவை படித்தார், பிறகு இன்னொரு தடவை படித்தார்.

"என்னண்ணே?"

அப்துல் கனி ஒரு வரியில் விரலை வைத்துக் கடிதத்தை நீட்டினார். அறுவை சிகிச்சை, அறை, மருத்துவர், தாதியர், சாப்பாடு எல்லாம் ஏற்கப்பட்டிருந்தன. கீழே: 'மயக்க மருந்தும் மயக்க மருந்து நிபுணரின் கட்டணமும் இதில் அடங்கா. காரணம்: காப்புறுதி பெற்றவர் உடலில் முன்னர் உலோகம் செலுத்தப்பட்டபோது, மயக்க மருந்தின்றி, வலியின்றி, நற்பலன் பெற்றுள்ளார். எனவே மருத்துவ ரீதியாக இது அவசியமன்று.'

"அத மட்டும் நீங்க கட்டிக்கணும் அண்ணே," என்றாள் ரிஹானா, கடிதத்தைப் பார்க்காமல். அவள் இதைவிட மோசமானதையும் பார்த்திருப்பாள் போலிருந்தது. "ஒத்துக்கிட்டீங்கன்னா இங்க ஒரு கையெழுத்து. இல்லேன்னா அப்பீல் பண்ணலாம், தியேட்டர் போயிடும்."

"போடுங்க தம்பி," என்றார் அப்துல் கனி தாழ்ந்த குரலில். "சண்டைய நாளைக்கு வச்சுக்குவோம். நான் எழுதித் தர்றேன். என் பேரு போட மாட்டேன், போட்டா அவன் படிக்க மாட்டான்."

யுகேந்திரன் கையெழுத்துப் போட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று இன்னொரு தடவை படிக்கவில்லை.

தள்ளுகட்டில் நகர்ந்தது. தியேட்டர் கதவருகே டாக்டர் பச்சை உடையில் நின்றிருந்தார். "நேரத்துக்கு வந்துட்டீங்க. இனி பயமில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மலர் கட்டிலின் கம்பியைத் தாண்டிக் கையை நீட்டினாள். யுகேந்திரன் பிடித்துக்கொண்டான். உள்ளங்கை கொதித்தது.

"என்னங்க, என்ன எழுதியிருக்கான் அதுல?"

"எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்."

"நெசமாவா? ஒன்னும் விடலியே?"

ஊழியர் கதவைத் தள்ளித் திறந்தார். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுகிற மனிதன் அவன் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டாள்.

"ஒன்னும் விடல மலரு," என்றான் யுகேந்திரன். "தைரியமாப் போ."

அவள் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.